எலும்பில் கண்ட செல்வம்: ஆச்சாரியர் பிரபுல்ல சந்திர ரே

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது நம் முன்னோர் சொல்லி வைத்த பழமொழி. யானைக்குத் தந்தம் உண்டு. எனவே மாண்ட பின்னும் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் கசாப்புக் கடையின் பின்புறத்தில் எறியப்பட்டு, காக்கையும் நாயும் இழுத்துச் செல்லும் மாட்டெலும்புக்கு என்ன மதிப்பு? அதைக் கண்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டு அப்பால் நடப்பதே நம் வழக்கம். அவ்வாறு நடந்து போகாமல் நின்று பார்த்தவர் ஒருவர். அந்த எலும்பைச் சாக்குச் சாக்காக வாங்கி வந்து, தாம் குடியிருந்த வீட்டு மொட்டை மாடியில் காய வைத்து, அதிலிருந்து நோயாளிக்கு மருந்துப் பொருள் செய்தார் அவர். அவர் ஒரு கல்லூரிப் பேராசிரியர். மேனாட்டில் டாக்டர் பட்டம் பெற்றவர். இந்திய வேதியியலின் தந்தை என்று போற்றப்படும் ஆச்சாரியர் பிரபுல்ல சந்திர ரே அவர்களே அப்பெருமகனார்.

உண்டு கழித்ததிலிருந்தும் ஒதுக்கி எறிந்ததிலிருந்தும் பயனுள்ள பொருள்களைப் பிரித்தெடுப்பதும், அதனை நீரும் காற்றும் கெடாத வகையில் செய்வதும் இன்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் பெரிதாகப் பேசப்படுகின்றன. பழத்தோல், தவிடு, மீன் செதில், இறால் ஓடு ஆகிய யாவும் இன்று ஆய்வுப் பொருள்களே. 1998-ஆம் ஆண்டில் பால் அனஸ்டாஸ், ஜான் வார்னர் என்னும் அறிஞர் இருவர் பசுமை வேதியியலுக்கு 12 நெறிகளை வகுத்து நூலாக வெளியிட்டனர். அந்தப் பெயர் பிறப்பதற்கு ஏறத்தாழ நூறாண்டுக்கு முன்னரே, வழிகாட்டுவோர் யாருமின்றி, ரே அவர்கள் இவ்வழியில் தட்டுத் தடுமாறி நடந்து பார்த்தார். அவர் கண்ட வெற்றி நமக்கு ஒரு பாடம் என்றால், அவர் பட்ட தொல்லைகள் அதனினும் பெரிய பாடமாகும்.

பிறப்பும் இளமையும்

1861-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2-ஆம் நாள், வங்காளத்தில் ராருலி என்னும் சிற்றூரில் பிரபுல்லர் பிறந்தார். அவ்வூர் அன்று ஜெசூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பின்னர் குல்னா மாவட்டத்தில் சேர்ந்தது. இன்று வங்காள தேசத்தில் உள்ளது. தந்தையார் ஹரிஷ் சந்திர ரே நிலக்கிழார். புதுமைக் கருத்துகளை வரவேற்றவர். வீட்டில் நல்லதொரு நூல்நிலையம் வைத்திருந்தவர். தாயார் புவனமோகினி அம்மையார்.

பிள்ளைகளின் படிப்புக்காக 1870-ஆம் ஆண்டில் குடும்பம் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தது. ஹேர் பள்ளியில் சேர்ந்த பிரபுல்லரைச் சில ஆண்டுகளில் கடுமையான சீதபேதி தாக்கியது. பள்ளியை விட்டு நிற்க நேர்ந்தது. வேறொரு பிள்ளையாயின் அத்துடன் படிப்புக்கு முழுக்குப் போட்டிருக்கும். இவரோ தந்தையாரின் நூல்நிலையத்தையே பள்ளியாக்கிக் கொண்டார். வரலாறும் இலக்கியமும் அறிவியல் மேதைகளின் வாழ்க்கையும் படித்துப் படித்து மனத்தில் ஏற்றினார். அந்த நோய் அவர் உடலை வாழ்நாள் முழுதும் மெலிய வைத்தது. அந்தப் படிப்போ அவர் உள்ளத்தை வாழ்நாள் முழுதும் வலுவாக வைத்தது.

பின்னர் ஆல்பர்ட் பள்ளியில் படித்துத் தேறி, ஈசுவர சந்திர வித்யாசாகர் நடத்திய மெட்ரோபாலிடன் கல்லூரியில் சேர்ந்தார். அக்கல்லூரியில் அறிவியல் ஆய்வுக்கூட வசதி இல்லை. ஆகவே மாநிலக் கல்லூரிக்குச் சென்று, வெளி மாணவராக அமர்ந்து, அலெக்சாண்டர் பெட்லர் என்னும் ஆங்கிலேயப் பேராசிரியரின் வேதியியல் வகுப்புகளைக் கேட்டார். பெட்லர் மேசைமேல் செய்து காட்டிய சோதனைகள் அவ்விளைஞரைக் கட்டி இழுத்தன. இலக்கியத்தில் ஆழ்ந்திருந்தவர் வேதியியலுக்கு ஆட்பட்டது அங்கேதான்.

கடல் கடந்த கல்வி

அந்நாளில் கில்கிரிஸ்ட் உதவித்தொகை என்று ஒன்று இருந்தது. பல மொழிகளில் தேர்ச்சி வேண்டும் அத்தேர்வுக்கு. ஊரறியப் பேசாமல் அமைதியாகப் படித்த பிரபுல்லர் 1882-ஆம் ஆண்டு அதில் வெற்றி பெற்றார். இந்தியா முழுவதிலுமிருந்து வெற்றி பெற்றவர் இருவரே. உடனே ஸ்காட்லாந்து நாட்டு எடின்பரோப் பல்கலைக்கழகத்துக்குக் கப்பலேறினார்.

அங்கே அலெக்சாண்டர் கிரம் பிரவுன் என்னும் பேராசிரியரிடம் வேதியியல் பயின்றார். 1885-இல் பி.எஸ்ஸி. பட்டமும் 1887-இல் டி.எஸ்ஸி. பட்டமும் பெற்றார். தாமிரம், மக்னீசியம் முதலான உலோகங்களின் இரட்டைச் சல்பேட்டு உப்புகளைப் பற்றியது அவர் ஆய்வு. அதற்காக ஹோப் பரிசும் கிடைத்தது. இதற்கிடையே, சிப்பாய்க் கிளர்ச்சிக்கு முன்னும் பின்னும் இந்தியா இருந்த நிலையைப் பற்றிய கட்டுரைப் போட்டி ஒன்றில் கலந்துகொண்டு, ஆங்கில ஆட்சியை ஒளிவு மறைவின்றிக் கண்டித்தும் எழுதினார். ஆளுவோர் நாட்டில், ஆளுவோர் தந்த உதவித்தொகையில் படிக்கும் மாணவர் ஒருவர் அவ்வாறு எழுதினார் என்றால் அந்நெஞ்சுரத்தை என்னென்பது!

வேலை தேடிய டாக்டர்

1888-ஆம் ஆண்டில் தாயகம் திரும்பினார். மேனாட்டு டாக்டர் பட்டம் கையில் இருந்தும் வேலை கிடைக்கவில்லை. ஏறக்குறைய ஓராண்டுக் காலம் காத்திருந்தார். அக்காலத்தில் அவருக்கு இடம் கொடுத்து ஆதரித்தவர் நண்பர் ஜகதீச சந்திர போஸ் ஆவார். 1889-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 250 ரூபாய். அதே தகுதியுடைய ஆங்கிலேயருக்கு உயர்தரக் கல்விப் பணியில் இடம் உண்டு. இந்தியருக்கோ கீழ்ப்படியிலுள்ள மாகாணப் பணிதான். இவ்வேற்றுமையைக் கேட்கச் சென்றபோது, பிடிக்காவிட்டால் வேறு தொழில் பார்த்துக்கொள்ளலாம் என்னும் பொருள்பட மேலதிகாரி மறுமொழி கூறினாராம். ரே வேலையை விடவில்லை. ஆனால் அந்த வேறு தொழில் என்னும் சொல் மட்டும் வீண் போகவில்லை!

நெய்யும் எண்ணெயும்

வகுப்பு முடிந்ததும் அவர் முதலில் ஆராய்ந்தது ஏழை எளியவர் உண்ணும் உணவையே. கல்கத்தாக் கடைகளில் விற்ற நெய்யும் கடுகெண்ணெயும் கலப்படம் நிறைந்தவை. கலப்படத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமாயின் கலப்படமற்றது எப்படி இருக்கும் என்று முதலில் தெரிய வேண்டுமன்றோ? ஆகவே தம் கண்ணெதிரே பசுவைக் கறக்கச் செய்து வெண்ணெய் எடுத்தார். தம் கண்ணெதிரே கடுகை ஆட்டச் செய்து எண்ணெய் எடுத்தார். அவற்றின் பண்புகளை அளந்து, கடைச் சரக்கோடு ஒப்பிட்டார். பல ஆண்டு உழைப்பின் பயனான அவ்வாய்வு 1894-இல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் வெளியாயிற்று.

மாடியில் காய்ந்த எலும்பு

தம் மாணவர்களின் எதிர்காலத்தை நினைத்து ரே பெரிதும் வருந்தினார். பட்டம் பெற்றவர்கள் எல்லாரும் குமாஸ்தா வேலைக்கு அலைகிறார்கள். நாட்டில் விளையும் மூலப்பொருள்கள் கப்பலேறி மேனாடு போகின்றன. அங்கே மருந்தாகவும் சாயமாகவும் மாறி, பன்மடங்கு விலையில் திரும்பி வருகின்றன. வேதியியல் படித்தவன் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாமா? இவ்வெண்ணத்தின் விளைவாக 1892-ஆம் ஆண்டில், அப்பர் சர்குலர் ரோடு 91-ஆம் எண்ணுள்ள தம் வாடகை வீட்டில், சுமார் 700 ரூபாய் முதலீட்டில் பெங்கால் கெமிக்கல் என்னும் தொழிலகத்தைத் தொடங்கினார். அச்சாலை இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது.

முதலில் எலுமிச்சைச் சாற்றிலிருந்து சிட்ரிக் அமிலம் எடுத்துப் பார்த்தார். பொருள் கிடைத்தது, ஆனால் கல்கத்தாவில் எலுமிச்சை விற்ற விலைக்கு அத்தொழில் கட்டுப்படியாகவில்லை. கைவிட்டார். இதனை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிரித்தெடுக்க முடிவது ஒன்று; பிரித்தெடுத்துப் பிழைக்க முடிவது மற்றொன்று. விலை கொடுத்து வாங்கும் பழம் கைகொடுக்கவில்லை. ஆகவே அவர் கண்கள், விலையே இல்லாத பொருளைத் தேடின. அப்பொருள்தான் எலும்பு.

அடுத்திருந்த ராஜாபஜார்ப் பகுதிக் கசாப்புக் கடைகளிலிருந்து சில சாக்கு எலும்புகளை வரவழைத்து மாடியில் பரப்பினார். வெயிலில் நன்றாகக் காய்ந்துவிடும் என்பது எண்ணம். ஆனால் எதிர்பாராத வகையில் மழை பிடித்துக்கொண்டது. எலும்பில் ஒட்டியிருந்த தசை அழுகியது, புழு நெளிந்தது, நாற்றம் தெருவெங்கும் பரவியது. காக்கைகள் கூட்டங் கூட்டமாக வந்து எலும்புத் துண்டுகளைக் கொத்திச் சென்று அண்டை வீடுகளில் போட்டன. ஆசாரம் மிக்க அவ்வீட்டார் சும்மா இருப்பார்களா? எலும்பை உடனே அகற்றாவிட்டால் நகராட்சிச் சுகாதார அதிகாரியிடம் முறையிடுவோம் என்று எச்சரித்தனர்.

ரே அவர்களோடு சண்டைக்குப் போகவில்லை. நான் பேராசிரியன், இது ஆராய்ச்சி என்று வாதாடவும் இல்லை. தெருவாரின் மூக்கு சொல்வதும் ஒரு நியாயம்தான் என்று உணர்ந்து, எலும்புகளை ஊருக்கு வெளியே மாணிக்தலாவில் ஒரு வெற்றிடத்துக்கு மாற்றினார். அங்கே அவற்றைச் சூளை போல் அடுக்கி இரவில் தீ மூட்டினார். தீ கொழுந்து விட்டு எரிந்ததும் காவல்காரர் ஓடி வந்தனர். யாரையோ கொன்று இரவோடிரவாக எரிக்கிறார்கள் என்று ஐயம்! எரிவது மாட்டெலும்பு என்று காட்டிய பின்னரே அவர்களுக்கு நம்பிக்கை பிறந்தது.

எலும்பு மருந்தான விதம்

எலும்பில் பெரும்பகுதி கால்சியம் பாஸ்பேட்டு என்பது நாமெல்லாம் படித்ததே. எலும்பைச் சுட்டால் கொழுப்பும் புரதமும் எரிந்துபோக, வெள்ளைச் சாம்பல் மிஞ்சும். அச்சாம்பல் நீரில் கரையாது. அதனோடு கந்தக அமிலத்தைச் சேர்த்தால், சுண்ணாம்பின் பெரும்பகுதி கால்சியம் சல்பேட்டாகப் படிந்துவிடும். கரையக்கூடிய பாஸ்பேட்டு கரைசலில் நிற்கும். அக்கரைசலில் சோடாவைச் சேர்த்து, வடிகட்டி, சுண்டக் காய்ச்சினால் சோடியம் பாஸ்பேட்டு படிகம் படிகமாக இறங்கும். அந்நாளில் மருந்துக்காக மேனாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த சரக்கு அது. கல்கத்தாக் குப்பையிலிருந்து அது பிறந்தது!

மாலை கல்லூரியிலிருந்து வந்ததும், முதல் நாள் காய்ச்சி வைத்த கரைசலில் படிகம் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பதே அவருக்கு முதல் வேலை. நாள் முழுதும் வகுப்பெடுத்த களைப்பு அதைக் கண்டதும் பறந்துவிடும். சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம் முழுவதும் அமிலத்துக்கும் பாத்திரத்துக்கும் போயிற்று.

ஓம வாட்டரும் ஆடாதோடையும்

இந்நிலையில் அமூல்ய சரண் போஸ் என்னும் மருத்துவ நண்பர் அவருடன் வந்து சேர்ந்தார். உள்நாட்டுச் சரக்கு என்றாலே முகம் சுளித்த மருந்துக் கடைக்காரர்களையும், எழுதிக்கொடுக்கத் தயங்கிய மருத்துவர்களையும் வழிக்குக் கொண்டு வந்தவர் அவரே. நாட்டு மூலிகைகளிலிருந்து சத்தைப் பிரித்து, மேனாட்டு மருந்து போலவே அளவும் தரமும் குறித்துப் புட்டியில் அடைத்து விற்கலாம் என்று இருவரும் முடிவு செய்தனர்.

அவர்கள் எடுத்துக்கொண்ட மூலிகைகளைக் கேட்டால் நமக்கு வியப்பாக இருக்கும். வங்காளத்தார் காள்மேக் என்பது நம் நிலவேம்பு. வாசகா என்பது நம் ஆடாதோடை. குர்ச்சி என்பது நம் குடசப்பாலை. ஓமத்தை நீரிலிட்டு ஆவியில் வடித்த ஓம வாட்டரை அந்நிறுவனம் பெயர் பெற்ற சரக்காக்கியது. பிள்ளைக்கு வயிற்று வலி என்றால் இன்றும் நம் வீடுகளில் தேடுவது அதைத்தானே! இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எலும்புக்குக் கந்தக அமிலம் தேவைப்பட்டது. ஓமத்துக்கோ நீரும் நெருப்புமே போதுமானவையாக இருந்தன. கொடிய கரைப்பான் எதுவுமின்றி நீரையும் ஆவியையும் கொண்டே பிரித்தெடுப்பதை இன்றைய பசுமை வேதியியல் முதல் வரிசையில் வைக்கிறது.

தொழில் வளர்ந்தது, ஆனால் அதற்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. அவர்களோடு சேர்ந்து உழைத்த சதீஷ் சந்திர சின்ஹா என்னும் வேதியியல் பட்டதாரி, ஆய்வுக்கூடத்தில் ஹைட்ரோசயனிக் அமிலம் என்னும் கொடிய நஞ்சினால் விபத்தில் உயிரிழந்தார். 1898-இல் அமூல்ய சரண் போஸ் கல்கத்தாவில் பரவிய பிளேக் நோய்க்குப் பலியானார். வலக்கையும் இடக்கையும் போனது போலாயிற்று ரேவுக்கு. தொழிலைக் கைகழுவிவிட அதைவிடத் தக்க காரணம் வேறு வேண்டுமா? அவர் கைவிடவில்லை. 1901-இல் பெங்கால் கெமிக்கல் வரையறுக்கப்பட்ட கம்பெனியாகப் பதிவாயிற்று. 1903-இல் ராஜசேகர் பாசு அதில் சேர்ந்தார். பரசுராம் என்னும் புனைபெயரில் நகைச்சுவைக் கதைகள் எழுதிப் புகழ் பெற்ற அவர் அதன் நிர்வாகத்தையும் திறம்பட நடத்தினார். 1905-இல் மாணிக்தலாவில் தொழிற்சாலை எழுந்தது. 1920-இல் பாணிஹாட்டியில் மற்றொன்று. 1980-இல் இந்திய அரசு அதனை நாட்டுடைமை ஆக்கியது.

நம் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனார் 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதை நாம் பெருமையுடன் நினைக்கிறோம். அந்தச் சுதேசி உணர்ச்சி நாடெங்கும் பரவுவதற்குப் பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, ஆரவாரமில்லாமல் ஒரு வாடகை வீட்டு மாடியில் எலும்பைப் பரப்பியவர் ரே.

அறிஞரும் துறவியும்

தொழிலில் இறங்கியதால் அவர் ஆராய்ச்சியை மறந்தாரில்லை. 1896-ஆம் ஆண்டில், நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் மிகுதியான பாதரசத்தை இட்டு வைத்திருந்தபோது மஞ்சள் நிறப் படிகங்கள் தோன்றுவதைக் கண்டார். அதுவே மெர்க்குரஸ் நைட்ரைட்டு. நிலைத்து நிற்காது என்று கருதப்பட்ட அச்சேர்மத்தை உண்டாக்கிக் காட்டியது அவருக்கு உலகப் புகழ் தேடித் தந்தது. 1902-இலும் 1909-இலும் இந்து வேதியியல் வரலாறு என்னும் பெருநூலை இரு தொகுதிகளாக வெளியிட்டு, பழம் ஏடுகளில் புதைந்து கிடந்த நம் இரசவாத அறிவை உலகத்தார் கண்முன் வைத்தார்.

அவருடைய மாணவர்களின் பெயர்களைச் சொன்னாலே அவர் யார் என்று விளங்கும். மேகநாத சாகா, சத்தியேந்திரநாத் போஸ், ஞான சந்திர கோஷ், நீல்ரத்தன் தார் ஆகியோரெல்லாம் அவரிடம் பயின்றவர்களே. 1916-இல் மாநிலக் கல்லூரியை விட்டுக் கல்கத்தாப் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் பாலித் பேராசிரியரானார். 1919-இல் சர் பட்டம் வந்தது. 1924-இல் இந்திய வேதியியல் கழகத்தை நிறுவி முதல் தலைவராக இருந்தார்.

இத்தனை சிறப்பு இருந்தும் அவர் வாழ்ந்தது அறிவியல் கல்லூரிக் கட்டடத்தில் ஓர் அறையில். மணம் செய்துகொள்ளவில்லை. கதர் உடுத்தினார். ஏழை மாணவர்களைத் தம்முடன் தங்க வைத்துப் படிக்க வைத்தார். 1921-இல் அறுபது வயது நிறைந்ததும், அதன் பிறகு வரும் பல்கலைக்கழகச் சம்பளம் முழுவதையும் வேதியியல் துறையின் வளர்ச்சிக்கே எழுதி வைத்துவிட்டார். 1936-இல் ஓய்வு பெறும் வரை அவ்வாறே நடந்தது. 1922-இல் வட வங்காளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, நிவாரணக் குழுவை நடத்திப் பல இலட்சம் ரூபாய் திரட்டி மக்களைக் காத்தார். 1944-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் அதே கல்லூரி அறையில் அவர் உயிர் பிரிந்தது. வயது 82.

வங்கமும் நம் கரையும்

வங்காளத்துப் பெரியார் ஒருவரின் வரலாறு முத்துக்குளித்துறைக்கு எதற்கு என்று யாரேனும் கேட்கலாம். நம் கரைக்கும் வங்காளத்துக்கும் பழைய உறவு உண்டு. மன்னார் வளைகுடாவில் குளித்தெடுத்த சங்குகள் தலைமுறை தலைமுறையாக வங்காளத்துக்குக் கப்பலேறின. அங்கே அவை வளையலாக அறுக்கப்பட்டு மணப்பெண்களின் கைகளில் ஏறின. இங்கே ஓடாகக் கிடந்தது அங்கே மங்கலப் பொருளாயிற்று. கையில் தொழில் உள்ளவனிடம் சேர்ந்தால் ஓட்டுக்கும் உயர்வு வரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நாற்றமும் நமக்குப் புதிதன்று. முத்துக்குளிப்பு நடந்த நாளில், கரைக்கு வந்த சிப்பிகளைக் குவித்து அழுக விட்டு, பிறகு அலசித்தான் முத்தெடுத்தார்கள். அந்த நாற்றத்தைப் பொறுத்தவர்க்கே முத்து. 1961-க்குப் பின் அம்முத்துக்குளிப்பு இல்லை. ஆனால் என் ஊராகிய கீழவைப்பாரிலும், அடுத்துள்ள சிப்பிகுளத்திலும், கரை நெடுகிலும் படகு வரும் வேளையில் நாற்றம் மட்டும் இருக்கிறது. மீன் குடலும் செதிலும் முள்ளும், இறால் தலையும் ஓடும் மணலில் கிடக்கின்றன. ரேயின் மாடியில் வந்த அதே காக்கைகள் இங்கும் வருகின்றன. வராதவர் ரே ஒருவர்தான்!

இறாலைத் தலை கிள்ளி ஓடு உரித்தால் அதன் எடையில் ஏறக்குறைய பாதி கழிவாகிறது. அவ்வோட்டில் இருப்பவை முக்கியமாக மூன்று: சுண்ணாம்பு, புரதம், கைட்டின். கைட்டினிலிருந்து கைட்டோசான் செய்யலாம். அது நீரைத் தெளிய வைக்கவும், புண்ணுக்குக் கட்டுத் துணியாகவும் பயன்படுகிறது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இத்தொழில்முறையை நம் நாட்டில் வளர்த்திருக்கிறது. நம் தூத்துக்குடியிலேயே 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது.

வழக்கமான முறையில், சுண்ணாம்பைக் கரைக்க ஹைட்ரோகுளோரிக் அமிலமும் புரதத்தை நீக்கக் காஸ்டிக் சோடாவும் வேண்டும். கைட்டின் கிடைக்கும், கூடவே குடம் குடமாகக் கெட்ட நீரும் கிடைக்கும். அதை எங்கே ஊற்றுவது? கடலிலா, ஆற்றிலா? ஒரு கழிவை நீக்க இன்னொரு கழிவை உண்டாக்குவது கடனை அடைக்கக் கடன் வாங்குவது போன்றது. ஆகவே இன்று வேறு வழி காண்கிறார்கள். பாலைத் தயிராக்கும் இனத்தைச் சேர்ந்த பாக்டீரியாக்களை, சிறிது சர்க்கரைப் பொருளுடன் இறால் ஓட்டில் வளர விடுகிறார்கள். அவை உண்டாக்கும் லாக்டிக் அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கிறது. நொதிகள் புரதத்தைப் பிரிக்கின்றன. வடித்த நீரிலுள்ள புரதமும் தீவனமாகிறது.

இன்னொரு செய்தியும் உண்டு. இறாலை எண்ணெயில் வதக்கும்போது எண்ணெய் சிவப்பதை நம் தாய்மார் அனைவரும் அறிவர். ஓட்டிலுள்ள அஸ்டாசாந்தின் என்னும் நிறப்பொருள் சூட்டில் புரதத்தின் பிடியிலிருந்து விடுபட்டு எண்ணெயில் கரைவதே அதற்குக் காரணம். அந்நிறப்பொருள் மீன் தீவனத்துக்கும் சத்து மாத்திரைக்கும் வேண்டிய விலையுயர்ந்த சரக்கு. எரியும் தன்மையும் நச்சுத்தன்மையும் கொண்ட கரைப்பான்களுக்கு மாற்றாகத் தாவர எண்ணெயைக் கொண்டே அதனைப் பிரித்தெடுக்கலாம் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. அடுப்படியில் தெரிந்த உண்மை ஆய்வுக்கூடத்தில் பெயர் பெறுகிறது, அவ்வளவே.

நாம் கற்க வேண்டியவை

கழிவு எல்லாமே காசு என்று மேடையில் பேசிவிடுவது எளிது. ரேயின் வாழ்வு அப்படிச் சொல்லவில்லை. எலுமிச்சையில் அவர் தோற்றார். கணக்குப் பார்த்தே தொழிலில் இறங்க வேண்டும் என்பது அதனால் தெரிகிறது. அண்டை வீட்டார் முகம் சுளித்ததும் எலும்பை அகற்றினார். ஊராரின் காற்றையும் நீரையும் கெடுத்து வரும் செல்வம் செல்வமன்று என்பது அதனால் தெரிகிறது. நஞ்சு ஒரு நண்பரைக் கொண்டு போயிற்று. செய்பவனைக் கொல்லும் முறை எத்துணை இலாபம் தந்தாலும் நல்ல முறையன்று என்பது அதனால் தெரிகிறது. இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பசுமை வேதியியலின் நெறிகள் பலவும் அதில் அடங்கிவிடுகின்றன.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் நம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். நானும் அவ்வாறு வந்தவர்களுள் ஒருவர்தான். நாம் பட்டம் பெற்று ஓர் அரசு வேலையில் அமர வேண்டும் என்று நம் பெற்றோர் நினைப்பது தவறன்று. கடலையும் உப்பளத்தையும் நம்பி அவர்கள் பட்ட பாடு அப்படிப்பட்டது. வேலையை உதறிவிட்டுத் தொழில் தொடங்குங்கள் என்று அவர்களிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது. ரேவும் அப்படிச் செய்யவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். அவர் ஜமீன் வீட்டுப் பிள்ளை. அவருக்கே 250 ரூபாய்ச் சம்பளம் தேவைப்பட்டது. பகலில் வேலை பார்த்தார்; மாலையில் எலும்புச் சாம்பலைக் கரைத்தார். வயிற்றுக்கு ஒரு தொழில், நாட்டுக்கு ஒரு தொழில் என்று இரண்டையும் தோளில் சுமந்தார்.

நாம் படிக்கும் வேதியியல் தேர்வு எழுதி முடிந்ததும் மறந்துவிடுவதற்கு அன்று. சோதனைச்சாலையில் நாம் கண்டறியும் அதே பாஸ்பேட்டுதான் நம் கரையில் மீன் முள்ளாகக் கிடக்கிறது. நம் பேராசிரியர்கள் வழிகாட்டினால், ஓராண்டுச் செய்முறைத் திட்டமாகவேனும் ஒரு கூடை இறால் ஓட்டைத் தயிர்ப் பாக்டீரியாவில் ஊறவைத்துப் பார்க்கலாம். எவ்வளவு கிடைத்தது, எவ்வளவு செலவாயிற்று, எவ்வளவு நீர் கெட்டது என்று மூன்று கணக்கையும் நேர்மையாக எழுதலாம். கட்டுப்படியாகாவிட்டால் அதையும் எழுதலாம். அதுவே அப்பெருமகனாருக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலி ஆகும்.

நாற்றத்தைக் கண்டு ஒதுங்கி நடப்பவர்க்குக் கரை முழுதும் குப்பை. நின்று பார்ப்பவர்க்கு அதிலும் ஏதோ ஒன்று இருக்கிறது. நின்று பார்க்கக் கற்றுக் கொடுத்த ஆச்சாரியர் பிரபுல்ல சந்திர ரே அவர்களின் புகழ் ஓங்குக!